இம்யூனோதெரபி நடக்கும்போது கஷாயம் கொடுக்கலாமா?

“டாக்டர், எதிர்ப்பு சக்தியைத் தூண்டத்தானே இந்த ஊசி? கூடவே சீந்தில் பொடியும் கொடுத்தா இன்னும் நல்லதுதானே?”

புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி, அதாவது எதிர்ப்பு சக்தியைக் கொண்டே நோயைத் தாக்கும் சிகிச்சை, தொடங்கும் நோயாளிகளின் வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்வி. கேட்பவர்களைப் பற்றிக் கவலையில்லை. கேட்காமலே கொடுப்பவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தான் புற்றுநோய் வந்தது என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில், பல கட்டிகளுக்குள் டி செல்கள் (நோயைத் தாக்கும் ஒரு வகை வெள்ளணுக்கள்) போய்ச் சேர்ந்துதான் இருக்கும், ஆனால் தாக்காது. நெடுநாள் புற்றணுக்களோடு மல்லுக்கட்டிய டி செல்லின் மேல் பிடி-1 என்ற புரதம் மிகுந்துவிடும். புற்றணு தன் பிடி-எல்1 புரதத்தால் அதைப் பற்றிக்கொண்டால், பிரேக் போட்ட மாதிரி டி செல் நின்றுவிடும். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகிய இம்யூனோதெரபி ஊசிகள் அந்தப் பிரேக்கைத்தான் விடுவிக்கின்றன. 1992-ல் பிடி-1-ஐப் பற்றி முதலில் வெளியிட்டது கியோட்டோவில் தசுகு ஹோன்ஜோவின் குழு; 2018-ல் அவருக்கும் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் அலிசனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பொடியோ லேகியமோ இந்த இடத்தில் வேலை செய்யும் என்பதற்குச் சான்று இல்லை.

சும்மா சாப்பிட்டால் என்ன கெட்டுவிடும்? கல்லீரல் கெடலாம். கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் மருந்தும் சிலருக்குக் கல்லீரல் அழற்சியைக் கொண்டுவரும். அடுத்த ஊசிக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு பல மடங்கு ஏறியிருக்கிறது என்று வையுங்கள். காரணம் மருந்தா, பொடியா? தெரியும்வரை ஊசியைத் தள்ளிப்போடத்தான் வேண்டும். பலன் கொடுத்துக்கொண்டிருந்த சிகிச்சை அங்கே நிற்கும்.

டி செல்லை வெளியே எடுத்து, மரபணுவை மாற்றித் திருப்பிச் செலுத்தும் கார்-டி சிகிச்சை வேறு வகை. ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. அது பி செல் என்ற இன்னொரு வகை வெள்ளணுவில் வரும் ரத்தப் புற்றுநோய்களுக்கானது. நுரையீரல் கட்டிக்கு அதைக் கேட்டு மும்பைக்கு டிக்கெட் போடாதீர்கள்.

பிரேக் விட்ட டி செல், குடலையும் நுரையீரலையும் தைராய்டையும்கூடத் தாக்கலாம். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை வயிற்றுப்போக்கு என்றால், ‘நேத்து ஹோட்டல்ல சாப்பிட்டது ஒத்துக்கலை’ என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு உட்காரக் கூடாது. அன்றைக்கே எங்களைக் கூப்பிடுங்கள். குடல் அழற்சியாக இருந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டு தேவைப்படும், தாமதித்தால் குடலில் ஓட்டை விழும் அபாயமும் உண்டு. புதிதாக இருமலோ மூச்சுத்திணறலோ வந்தாலும் அப்படித்தான். கடைசி ஊசி போட்டு மாதங்கள் கழித்தும் இவை வரலாம் என்பதால், பக்கத்துத் தெரு டாக்டரிடம் காய்ச்சலுக்குப் போனாலும் இந்த ஊசி போட்டதை முதலில் சொல்லுங்கள்.