திரித்துவம்: மூன்றா, மூவரா?

வைகாசியில் ஒரே வாரத்தில் இரண்டு கல்யாணப் பத்திரிகைகள் வந்தன. வேப்பேரியிலிருந்து வந்த சி.எஸ்.ஐ. குடும்பத்துப் பத்திரிகை ‘திரியேக தேவனின் கிருபையால்’ என்று தொடங்கியது. சாந்தோமிலிருந்து வந்த கத்தோலிக்கப் பத்திரிகையில் ‘மூவொரு இறைவனின் ஆசியுடன்’ என்றிருந்தது. ஓய்வுநாள் பள்ளியில் வளர்ந்த எனக்கு இரண்டையும்விடப் பழகிய சொல் ‘திரித்துவம்’. மூன்றும் குறிப்பது ஒன்றைத்தான்: தந்தை, மகன், தூய ஆவி என மூவர், ஆனாலும் கடவுள் ஒருவரே என்ற கிறிஸ்தவக் கோட்பாட்டை. ஆனால், அதில் எவ்வளவைச் சொல்கின்றன என்று பார்த்தால் மூன்றும் வேறுவேறு.

திரித்துவம் வடசொல். ‘திரி’ என்றால் மூன்று. ‘துவம்’ என்பது சமத்துவம், மகத்துவம் என்பவற்றில் வரும் அதே விகுதி. ஆக, நேர்ப்பொருள் ‘மும்மை’, அவ்வளவுதான். ‘ஒன்று’ அதில் எங்குமே இல்லை. இதற்காகத் தமிழாக்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. லத்தீன் ‘திரினிதாஸ்’ என்பதிலும் ஒன்று இல்லை. ஆங்கில ‘டிரினிட்டி’யை ‘டிரை’, ‘யூனிட்டி’ என்று பிரித்து ‘மூன்றின் ஒருமை’ எனப் பிரசங்கத்தில் விளக்குவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். சொல் பிறந்த வழி அதுவல்ல.

கிரேக்கத்தில் ‘திரியாஸ்’ என்ற சொல்லை கி.பி. 180-ஐ ஒட்டி அந்தியோக்கியாவின் ஆயர் தெயோபிலு ஆள்கிறார். லத்தீனில் அதை நிலைநிறுத்தியவர் கார்த்தேஜ் நகரத்து இறையியலாளர் தெர்த்துல்லியன். விவிலியத்தில் சொல் கிடையாது. கோட்பாட்டை மறுப்பவர்கள் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான். ஏற்பவர்களோ, சொல் இல்லாவிட்டால் என்ன, பொருள் இருக்கிறதே என்று, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லும் மத்தேயு 28:19-ஐக் காட்டுவார்கள்.

தமிழ்க் காதுக்கு இதில் இன்னொரு வம்பு உண்டு. எழும்பூர் நிலைய வாசலில் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர், “திரித்துச் சொன்னதால்தான் ஐயா அது திரித்துவம்” என்றார் என்னிடம். சொற்பிறப்பாகப் பார்த்தால் தவறு. சிலேடையாகப் பார்த்தால் பிரமாதம்.

சொல்லை விடுங்கள். உண்மையான சிக்கல் திணையில் இருக்கிறது. தமிழில் மூன்று என்று எண்ணினால் அஃறிணை, மூவர் என்று எண்ணினால் உயர்திணை. நடுவில் நின்று நழுவ வழியில்லை. பழைய மொழிபெயர்ப்பில் 1 யோவான் 5-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். 7-ஆம் வசனத்தில் ‘சாட்சியிடுகிறவர்கள் மூவர்’: பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி. அடுத்த வசனத்திலேயே ‘சாட்சியிடுகிறவைகள் மூன்று’: ஆவி, ஜலம், இரத்தம். அதே ‘ஆவி’ ஒரு வரியில் ஆளாகவும் மறு வரியில் பொருளாகவும் நிற்கிறது. (அந்த 7-ஆம் வசனம் பழைய கிரேக்கப் படிகளில் இல்லாதது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்த எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் அதை விட்டுவிட்டு 1522-இல் சேர்த்தார். 1995-இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் அது கிடையாது.)

ஆவி என்றால் நமக்கு இட்லிப் பானையில் வருவது. இல்லையேல் புளியமரத்தில் இருப்பது. பழைய கத்தோலிக்கர்கள் இந்தத் தொல்லையே வேண்டாமென்று போர்த்துகீசியச் சொல்லை வைத்து ‘இஸ்பிரீத்து சாந்து’ என்றார்கள். இன்று அவர்கள் சொல்வது ‘தூய ஆவியார்’. சீர்திருத்தச் சபையார் சொல்வது ‘ஆவியானவர்’. ‘ஆர்’, ‘அவர்’ என்று ஒட்டியதும் ஆவி ஆளாகிவிடுகிறது. யெகோவாவின் சாட்சிகள் இதை ஏற்பதில்லை. அவர்களுடைய தமிழில் அது ‘கடவுளுடைய சக்தி’. நூற்றாண்டுகளின் சண்டையை ஒரு விகுதியில் போட்டுக் காட்ட நம் மொழியால் முடிகிறது.

மூவரில் ஒவ்வொருவரையும் குறிக்கும் லத்தீன் சொல்லான ‘பெர்சோனா’ என்பதற்கு ‘ஆள்’ என்றே எழுதினார்கள். ‘மூன்று ஆட்கள்’ என்றால் கல் இறக்க வந்தவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அதனால்தான் ‘ஆள்தத்துவம்’ என்று நீட்டினார்கள் போலும். மூவரும் ஒன்று என்பதற்கு வைத்த ‘ஒரே பொருள்’ இதைவிட மேல். மகன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத நிலையும் இருந்தது என்று அலெக்சாந்திரியாவின் குரு ஆரியு சொன்னதை மறுத்து, 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் சங்கம் தந்த வாசகத்தை, ‘தந்தையோடு ஒரே பொருளானவர்’ என்று கத்தோலிக்கர்கள் தமிழில் சொல்கிறார்கள். உடைமை, அர்த்தம், உள்ளது என எல்லாவற்றுக்கும் இடம்கொடுக்கும் சொல்லை எடுத்திருக்கிறார்கள்.

ஓய்வுநாள் பள்ளியில் எங்கள் ஆசிரியை எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் கட்டியைப் போட்டுக் காட்டினார். ஐஸ், தண்ணீர், ஆவி. மூன்றும் ஒரே நீர்தான் என்றார். ஆவி என்ற சொல் வாகாக வந்து விழுந்ததில் அவருக்கே பெருமை. பிறகுதான் தெரிந்தது, ஒரே கடவுள் மூன்று வேடங்களில் தோன்றினார் என்ற அந்த விளக்கம் 3-ஆம் நூற்றாண்டிலேயே சபெல்லியு என்பவர் பெயரால் தவறென்று தள்ளப்பட்டது என்று. நல்லெண்ணத்தோடு கற்பித்த தப்பறை. ‘இயேசுவின் நாமத்தில்’ மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கும் பெந்தெகொஸ்தேச் சபைகள் ஏறக்குறைய இந்தப் பக்கம் நிற்கின்றன.

சபைகளுக்குள் இன்னொரு வேறுபாட்டைச் சென்னையின் ஒரே தெருவில் பார்க்கலாம். ஆர்மீனியன் தெரு தமிழ் வாயில் அரண்மனைக்காரன் தெரு ஆயிற்று. அங்கே 1772-இல் கட்டிய ஆர்மீனியக் கோயிலும் கத்தோலிக்கரின் புனித மரியாள் இணைப் பேராலயமும் இருக்கின்றன. ஆவியார் ‘தந்தையிடமிருந்தும் மகனிடமிருந்தும்’ புறப்படுகிறார் என்பது கத்தோலிக்க விசுவாச அறிக்கை. ஆர்மீனியர் விசுவாச அறிக்கையில் மகன் அந்த இடத்தில் வருவதில்லை. லத்தீனில் அது ‘ஃபிலியோக்வே’ என்ற ஒரே சொல். கடைசியில் ஒட்டிய ‘க்வே’ நம் ‘உம்’தான். 1054-இல் ரோமாபுரியும் கான்ஸ்டான்டிநோபிளும் பிரிந்தபோது தகராறில் அந்த ‘உம்’மும் இருந்தது.

மூவர் என்பதையே வேண்டாமென்றவரும் சென்னையில் இருந்தார். திருவேங்கடமாகப் பிறந்து, இங்கிலாந்து போய் வில்லியம் ராபர்ட்ஸாகத் திரும்பியவர். யூனிட்டேரியன் நூல்களைப் படித்து, கடவுள் ஒருவரே, ஆளும் ஒருவரே என்று 1795-இல் ஒரு சபையைத் தொடங்கினார். புரசைவாக்கத்தில் அவர்களுக்குச் சின்னக் கோயிலும் எழுந்தது.

சரியான தமிழ்ச் சொல் எது? ‘மும்மை’ போதாது, மேலும், ‘மும்மையால் உலகாண்ட மூர்த்தி’ என்று சுந்தரர் பாடிய சைவ வழக்கில் அதற்கு வேறு பொருள் உண்டு. ‘மும்மூர்த்தி’ கூடவே கூடாது. அங்கே தொழில் பிரித்துக்கொண்ட மூன்று தெய்வங்கள். ‘திரியேகம்’ பொருளில் குறையில்லாதது, வடமொழி என்பது தவிர. என் ஓட்டு ‘மூவொருமை’க்கு: மூ, ஒருமை, இடையே உடம்படுமெய்யாக ஒரு வகரம். கோட்பாட்டுக்கு மூவொருமை, வழிபாட்டில் மூவொரு கடவுள் என்று எழுதலாம். ‘திரித்துவ ஞாயிறு’ போன்ற பழகிய பெயர்களை அப்படியே விட்டுவிடலாம்.

‘ஒருவர்’ என்ற சொல்லையும் பாருங்கள். பொருள் ஒன்று; விகுதி பலர்பாலுக்கு உரியது. அது பன்மை வினையை ஏற்கும் என்று தொல்காப்பியரே சொல்லியிருக்கிறார். இதைப் போய்க் கோட்பாட்டுக்குச் சான்றாக யாரும் பிரசங்க மேடையில் ஏற்றிவிட வேண்டாம். குழாய் பழுதுபார்க்க நேற்று எங்கள் வீட்டுக்கு வந்தவரும் ‘ஒருவர் வந்தார்’தான்.