முட்டி தேஞ்சிடும்னு நடக்காம இருக்காதீங்க, ப்ளீஸ்

இந்த வாரத்துல மட்டும் இது மூணாவது ஆள். 47 வயசு. முட்டி வலின்னு ரெண்டு வருஷமா நடக்கறதையே விட்டுட்டாங்க, தண்ணி கூட உட்கார்ந்த இடத்துக்கே வந்துடுது. கூட வந்த பையன், "அம்மாவை ஒரு வேலையும் செய்ய விடறதில்ல மேடம்"னு சொல்றார், பாசத்துலதான். டேப் வச்சு தொடையை அளந்தேன், வலி இருக்கற பக்கம் 3 சென்டிமீட்டர் கம்மி. கையை ஊணாம எந்திரிங்கம்மான்னேன், பாதி எழும்பி பொத்துன்னு உட்கார்ந்துட்டாங்க. முட்டியைத் தாங்கற சதையே கரைஞ்சு போச்சு. மனசு ஆறல, அதான் எழுதறேன்.

மூட்டு ஒண்ணும் வண்டி டயர் இல்லங்க. ஓட ஓட தேயும், ஓரமா நிறுத்தி வச்சா அப்படியே இருக்கும்ங்கற கணக்கு ரப்பருக்குத்தான். எலும்பு முனையில இருக்கற குருத்தெலும்பு உயிருள்ள திசு, அதுக்கு ரத்தக்குழாய் கிடையாது, மூட்டுக்குள்ள ஊறுற திரவத்துல இருந்துதான் அதுக்கு சத்து பெரும்பாலும் போகணும், நீங்க காலை ஊன்றி எடுக்க எடுக்க ஸ்பாஞ்சை அமுக்கி விடற மாதிரி அந்தத் திரவம் உள்ள போய் வெளிய வரும். நடக்கவே இல்லன்னா அதுக்கு ஏது சாப்பாடு? இதுல எங்க தொழில் மேலயும் தப்பு இருக்கு, 'தேய்மானம்'னு ஒரே வார்த்தையை சொல்லி அனுப்பிடறோம், அன்னைக்கே பயம் ஒட்டிக்குது. எக்ஸ்ரே மோசமா இருந்தும் வலியில்லாம நடக்கறவங்களை நான் தினமும் பாக்கறேன். வலியில்லாம முட்டி சொடக்குற சத்தத்துக்கும் பயப்படாதீங்க.

எடை விஷயத்துல மட்டும் கறாரா சொல்றேன். 1 கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டியில விழற பாரம் ஏறக்குறைய 4 கிலோ குறையும். 5 கிலோ குறைச்சவங்க, படி ஏறும்போதே வித்தியாசம் தெரியுதுன்னு என்கிட்ட வந்து சொல்லியிருக்காங்க.

அப்புறம் தொடை சதை. காலை நீட்டி, முட்டிக்கு அடியில டவலை சுருட்டி வச்சு முட்டியால கீழ்நோக்கி அழுத்துங்க, 5 செகண்ட் பிடிச்சு விடுங்க, 10 தடவை. நாற்காலியில உட்கார்ந்து எழுந்திரிக்கறதும் நல்ல பயிற்சி. நடை வாரத்துக்கு 150 நிமிஷம் வரை போகலாம், முதல் நாளே வேண்டாம், 10 நிமிஷத்துல ஆரம்பிங்க. லேசா வலிச்சா பரவால்ல. மறுநாளும் வலி கூடுதலா இருந்தாலோ வீங்கினாலோ அளவைக் குறைங்க, நிறுத்திடாதீங்க.

விளையாடற பசங்க இதைப் படிச்சா: முட்டி லிகமெண்ட் (எலும்பையும் எலும்பையும் இணைக்கற நார்) கிழிஞ்சு வீக்கம் வடிஞ்சதும் கிரவுண்டுக்கு ஓடாதீங்கப்பா. அந்த அடிதான் 10, 20 வருஷம் கழிச்சு தேய்மானமா வந்து நிக்கும். முட்டியைத் தேத்தற பயிற்சியை முழுசா முடிச்சுட்டுப் போங்க.

மூட்டு சிவந்து சூடா வீங்கி காய்ச்சலும் இருந்தா, மடக்க முடியாம லாக் ஆனா, கால் ஊன்றவே முடியலன்னா உடனே டாக்டரைப் பாருங்க. காலையில அரை மணி நேரத்துக்கு மேல விறைப்பு விடலன்னாலும் காட்டுங்க, அது வேற வகை மூட்டுவாதமா இருக்கலாம்.

அந்த அம்மா நேத்து வந்திருந்தாங்க. கையை ஊணாம ரெண்டு தடவை எழுந்தாங்க, மூணாவதுக்கு பையன் தாங்கப் போனார், "நீ உட்காருடா"ன்னுட்டாங்க.