பலகையின் கீழ்விளிம்பை அடைக்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தீபாவளிக்கு முன்பு வீட்டைப் புதுப்பிக்காதவர்கள் குறைவு. மாலை தவறாமல் இடியும் மழையுமாக இருக்கும் அந்த மாதங்களில்தான் பழைய பலகை வீடுகளுக்கு வெளியே, சிமெண்டும் இழையும் கலந்து செய்த ஃபைபர் சிமெண்ட் பலகை ஏறுகிறது. ஓராண்டில் சுவருக்குள்ளிருந்து பூஞ்சை நாற்றம். போன வாரம் அப்படி ஒரு வீட்டில் பலகையைக் கழற்றினேன். பின்னாலிருந்த மரச்சட்டம் விரல் பட்டதும் உதிர்ந்தது. கரையான் சன்னல் வரை ஏறியிருந்தது. "கடைக்காரர் மட்டமான பலகையைக் கொடுத்துவிட்டார், தம்பி" என்று அந்த அக்கா வருந்தினார். பலகையில் ஒரு கீறல்கூட இல்லை. கெடுத்தது, கீழ்விளிம்பு முழுக்க இழுத்துவிட்டிருந்த சிலிகான் பசை.

எத்தனை முறை சொன்னாலும் இதை ஏற்க மறுக்கிறார்கள். எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டால் தண்ணீர் எப்படி உள்ளே போகும் என்று கேட்கிறார்கள். போகும். திருகாணித் துளை, சன்னல் ஓரம், வெயிலில் விரிந்து சுருங்கும் இணைப்பு என்று ஏதாவதொரு வழியில் போகும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நாடு இது. பலகையின் வேலை பெரும்பகுதி மழையைத் தடுப்பது. மீறி நுழைந்த நீர் வழிந்து இறங்கி வெளியேற வேண்டும், எஞ்சிய ஈரம் காற்றில் காய வேண்டும். அதற்காகத்தான் செங்குத்துச் சட்டங்கள் அடித்துப் பலகைக்குப் பின்னால் 20 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி விடுகிறோம். அடியை அடைத்தால் அந்த இடைவெளி தண்ணீர்த் தொட்டிதான். எலியும் பூச்சியும் புகும் என்ற கவலை நியாயமானது. அதற்குத் துளையிட்ட அலுமினியப் பட்டை இருக்கிறது, வாங்கி அடியில் பொருத்துங்கள்.

சன்னலின் மேல்விளிம்புக்கும் இதே கதை. அங்கே தேவை, நீரை வெளியே தள்ளும்படி மடித்த தகரம். பக்கவாட்டு இணைப்புகளை மட்டும், வண்ணம் ஏற்கும் பசையால் அடையுங்கள். சாதாரண சிலிகான் மேல் வண்ணம் ஒட்டாது.

பலகை மண்ணிலிருந்து 150 மில்லிமீட்டராவது உயர்ந்து நிற்கட்டும். பிறகு அங்கே மண்ணைக் கொட்டிச் செம்பருத்தி நடாதீர்கள். கரையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். வெட்டிய விளிம்புகளுக்கு, பொருத்தும் முன்பே வண்ணம் பூசுங்கள். நனைந்த சட்டத்தின் மேல் பலகை அடிக்க ஒப்புக்கொள்ளும் குத்தகையாளரை அனுப்பிவிடுங்கள். பிவிசி என்ற பிளாஸ்டிக் பலகை என்றால் ஆணியை அதிலுள்ள நீள்துளையின் நடுவில், சற்றுத் தளர்வாக அடிக்க வேண்டும். இறுக்கினால் வெயிலில் வளையும்.

ஃபைபர் சிமெண்ட் பலகையை வெட்டும்போது பறக்கும் தூளில், மணலில் உள்ள சிலிக்கா என்ற தாது இருக்கிறது, அது நுரையீரலை அழிக்கும். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வெட்டும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது. என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். பழைய தோட்ட வீடுகளின் சாம்பல் நிறத் தகடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். அதன் இழை புற்றுநோய் தரும், அதுவும் பல பத்தாண்டுகள் கழித்து. கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், துளையிடாதீர்கள், உடைத்துக் கால்வாய் ஓரம் போடாதீர்கள். நனைத்து, முழுத் தகடாகக் கழற்றத் தெரிந்தவரை அழையுங்கள். அவர் வேலை முடிக்கும் வரை பிள்ளைகளை வேறு வீட்டில் விட்டுவையுங்கள்.