ஃபிகரின்: சிலையா, பொம்மையா, பாவையா?

தொல்லியல் செய்திகளைத் தமிழாக்கும்போது 'ஃபிகரின்' (figurine) என்ற ஆங்கிலச் சொல் வந்தால் கை தானாகச் 'சிலை' என்று எழுதிவிடுகிறது. 1908-இல் ஆஸ்திரியாவின் வில்லன்டார்ஃபில் கிடைத்த சுண்ணாம்புக்கல் பெண்ணுருவின் உயரம் 11 சென்டிமீட்டர்தான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், நிற்கப் பாதமும் இல்லை. சிலை என்றதுமே பீடமும் விளக்கும் கூடவே வந்து நிற்கின்றன.

இத்தாலியத்தில் 'ஃபிகுரினா' என்றால் சின்ன உருவம். பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்குப் போனது. வேரில் இருப்பது 'ஃபிங்கெரே' என்ற லத்தீன் வினை: மண்ணைப் பிசைந்து உருக்கொடுப்பது. ஆக, சின்னது, யாரோ உருக்கொடுத்தது, அவ்வளவுதான் பொருள். கும்பிட்டார்களா, விளையாடினார்களா என்பது பற்றிச் சொல்லில் ஒன்றும் கிடையாது.

வம்பு அடைமொழியில்தான். வில்லன்டார்ஃப் உருவுக்கு முகமே இல்லை. தலையைச் சுற்றி வரிவரியாகப் பின்னலோ தொப்பியோ, மேனியில் செங்காவியின் மிச்சம். அதற்கு 'வீனஸ்' என்று ரோமானியக் காதல் தெய்வத்தின் பெயரைச் சூட்டினார்கள். ரோம் நகரம் உருவாகும் முன் அது இருபதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணில் கிடந்தது! துருக்கியின் சத்தால்ஹூயூக் என்ற புதிய கற்கால ஊரிலும் இதே கதை. 1961-இல் தானியத் தொட்டியில் கிடைத்த, இருபுறமும் விலங்குகளோடு அமர்ந்த பெண்ணுருவைத் 'தாய்த்தெய்வம்' என்றார்கள். பின்னர் நடந்த அகழாய்வில் விலங்குருவங்களே மிகுதி. பல கிடைத்தது குப்பைமேட்டில். ஜப்பானின் வரலாற்றுக்கு முந்தைய ஜோமோன் காலத்து 'டோகூ' மண்ணுருவங்களோ பெரும்பாலும் உடைந்தே கிடைக்கின்றன. இத்தனைக்கும் 'தாய்த்தெய்வம்' என்ற ஒரே சாவி பொருந்துமா?

தமிழில் விக்கிரகம், படிமம் இரண்டும் வழிபாட்டை முன்கூட்டியே முடிவு செய்துவிடும். பொம்மை என்றால் குழந்தை கைக்குப் போய்விடும். எனக்குப் பிடித்தது 'பாவை'. 'மண்மாண் புனைபாவை' என்கிறது குறள் (407). மண்ணால் அழகாகப் புனைந்த உரு. கயிற்றில் ஆடும் மரப்பாவையும் குறளில் உண்டு. சங்கப் பாடல்களில் சிறுமியர் மணலில் வண்டற்பாவை செய்து விளையாடுவார்கள். கொல்லிமலைப் பாவையோ தெய்வமே செய்ததாகப் பாடப்படுவது. விளையாட்டு முதல் தெய்வம் வரை எதற்கும் இடம்விடும் சொல்.

ஒரு குறை உண்டு. பாவை என்றால் பெண் என்றும் பொருள். ஆணுருவுக்குச் சற்று இடிக்கும். (கண்மணியும் பாவைதான். லத்தீனிலும் கண்மணிக்குச் 'சின்னப் பொம்மை' என்றே பெயர்.) அதனால் பொதுவாகச் 'சிற்றுருவம்', பெண்ணுருவுக்குப் 'பாவை', முன்னால் செய்பொருளின் பெயர்: சுடுமண் பாவை, தந்தப் பாவை.

2008-இல் ஜெர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில் கிடைத்தது மாமூத் என்ற அழிந்துபோன யானையினத்தின் தந்தத்தில் செதுக்கிய பாவை, 6 சென்டிமீட்டர். தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு வளையம். கயிறு கோத்து யாராவது கழுத்தில் போட்டிருக்கலாம். அதைப் போய்ச் சிலை என்பதா?