இயந்திரம் போய்ச் சேர்ந்தால் போதுமா?

வளரும் நாடுகளில் உள்ள மருத்துவமனைகளுக்கு உதவ நினைப்பவர்கள் மருத்துவக் கருவிகளைக் கவனிக்கும் பயோமெடிக்கல் என்ஜினியர்களான எங்களிடம் பெரும்பாலும் முதலில் கேட்பது, "என்ன இயந்திரம் அனுப்பலாம்?" என்றுதான். நல்ல மனதோடு கேட்கிறார்கள். நான் பதிலுக்கு இரண்டு கேள்விகள் கேட்பேன். அங்கே ஏற்கெனவே இருப்பவற்றில் எத்தனை ஓடுகின்றன? ஓடாமல் நிற்பதைத் திறந்து பார்க்க யார் இருக்கிறார்கள்?

பெர்ரி, மால்கின் என்ற இருவர் 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 16 நாடுகளிலிருந்து 1,12,040 மருத்துவக் கருவிகளின் கணக்கை எடுத்துப் பார்த்ததில், சராசரியாக 38.3 சதவீதம் பயன்பாட்டில் இல்லை. பயிற்சி இல்லாதது, கருவிகளைப் பராமரிக்கும் ஏற்பாடு இல்லாதது, மின்சாரம் போன்ற அடிப்படை வசதிக் குறைவு ஆகியவைதான் முக்கியக் காரணங்கள். அதற்கு முந்தைய ஆண்டு மால்கின் இன்னொருவரோடு சேர்ந்து செய்த ஆய்வு எனக்கு இதைவிட முக்கியம். 11 நாடுகளின் 60 மருத்துவமனைகளில் பழுதாகிக் கிடந்த கருவிகளில் சுமார் 72 சதவீதத்தை, வெளிநாட்டிலிருந்து ஓர் உதிரி பாகம்கூட வரவழைக்காமல் மறுபடி ஓட வைக்க முடிந்தது. அந்த வேலைக்குத் தேவைப்பட்டவை மின்சாரம், மோட்டார், குழாய் வேலை, கருவியைச் சரியாகப் பொருத்துவது, பயன்படுத்துபவருக்குச் சொல்லித் தருவது போன்ற அடிப்படைத் திறன்கள்தான்.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை எடுத்துக்கொள்வோம். இது அறைக் காற்றை உள்ளிழுத்து அழுத்தி, ஜியோலைட் என்ற கனிம மணிகள் நிறைந்த குழல்களுக்குள் செலுத்தும். மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனாக வெளியே வரும். காற்று நுழையும் இடத்தில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருக்கும். வாரம் ஒரு முறையாவது கழுவிக் காயவைத்துப் போட வேண்டும். புழுதி அதிகமான ஊர் என்றால் இன்னும் அடிக்கடி. அதைச் செய்யாவிட்டால் கம்ப்ரஸர் சூடாகும். ஈரக் காற்று போகப் போக மணிகளையும் கெடுக்கும்.

இதில் ஆபத்தான விஷயம், இயந்திரம் நிற்காது என்பதுதான். சத்தம் வரும், குமிழி வரும், மீட்டரில் இருக்கும் சிறு பந்து நிமிடத்துக்கு 5 லிட்டர் என்ற கோட்டில் நிற்கும். அந்த மீட்டர் காட்டுவது ஓட்டத்தின் அளவை மட்டுமே, தூய்மையை அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் விதிப்படி தூய்மை 82 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. அதைவிடக் குறைந்த காற்றைக் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டு, "ஆக்சிஜன் வைத்தும் தேறவில்லையே" என்று செவிலியர் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எந்த வார்டுக்குப் போனாலும் தூய்மையை அளக்கும் ஆக்சிஜன் அனலைசரை முதலில் வெளியே எடுப்பேன்.

நன்கொடையாக வரும் கான்சன்ட்ரேட்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காகச் செய்தது, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டுக்குப் போகும். "டிரான்ஸ்ஃபார்மர் சேர்த்து அனுப்பிவிட்டோம்" என்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், மின்சாரம் நொடிக்கு எத்தனை சுழற்சி அடிக்கிறது என்பதைச் சொல்லும் ஹெர்ட்ஸை மாற்றாது. கம்ப்ரஸர் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறையும். அழுத்தம் போதாது, தூய்மை குறையும், சூடு ஏறும். கப்பலில் ஏற்றும் முன் இயந்திரத்தின் பின்புறம் ஒட்டியிருக்கும் தகட்டை ஒரு தடவை படித்திருந்தாலே இது தெரிந்திருக்கும்.

பச்சிளம் குழந்தைகளின் மஞ்சள் காமாலைக்கான ஒளிச்சிகிச்சை விளக்கிலும் இதே கதை. அதற்கு வேண்டியது குறிப்பிட்ட அலைநீளமுள்ள நீல ஒளி. அந்த டியூப் எரிந்து போனால் உள்ளூரில் கிடைக்காது, வெள்ளை டியூபை மாட்டிவிடுவார்கள். வெளிச்சம் இருக்கும், சிகிச்சை சரியாக நடக்காது. இடநெருக்கடியால் ஒரே விளக்கின் கீழ் மூன்று நான்கு குழந்தைகளைப் படுக்க வைப்பதும் நடக்கும். 'டிசைன் தட் மேட்டர்ஸ்' அமைப்பு ஃபயர்ஃபிளை விளக்கை வடிவமைத்தபோது இதைக் கவனித்து, ஒரு குழந்தை மட்டுமே கொள்ளும் அளவுக்குப் படுக்கையைச் செய்தது. எச்சரிக்கைப் பலகை வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆப்பிரிக்க நாடான மலாவியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக மாணவர்கள், மூச்சுத்திணறும் பச்சிளம் குழந்தைகளுக்கான விலை குறைந்த பபிள் சிபாப் கருவியை உருவாக்கினார்கள். லேசான அழுத்தத்தில் காற்றைத் தொடர்ந்து செலுத்தி நுரையீரல் சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும் கருவி அது. முதல் மாதிரி, மீன்தொட்டிப் பம்புகளை வைத்துச் செய்தது. பிளான்டைர் நகரின் குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனையில் அதைச் சோதித்த ஆய்வு 2014-ல் வெளியானது. வெறும் ஆக்சிஜன் மட்டும் பெற்ற குழந்தைகளில் 44 சதவீதம் பிழைத்தார்கள். சிபாப் பெற்றவர்களில் 71 சதவீதம். அந்த வார்டில் வேலை செய்கிறவர்கள் இயக்கக்கூடிய கருவியாக அது இருந்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

சரி, இந்தத் துறையில் உதவப் போகும் இளம் என்ஜினியர்களுக்குச் சில வார்த்தைகள். இயந்திரத்தைத் தொடும் முன் கணக்கெடுங்கள்: எங்கே இருக்கிறது, என்ன மாடல், ஓடுகிறதா, கடைசியாக யார் பார்த்தார்கள். சர்வீஸ் மேனுவல்களைக் கிளம்பும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இணையம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அப்புறம், அங்கே இருக்கும் டெக்னீஷியன் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். நேரம் இரண்டு மடங்கு ஆகும், ஆகட்டும். நீங்கள் விமானம் ஏறியபின் அந்த இயந்திரத்தைத் திறக்கப் போகிறவர் அவர்தான்.

நன்கொடை வாங்கும் மருத்துவமனைகளுக்கு மறுக்கும் உரிமை உண்டு. பரிசோதனைக்கு வேண்டிய ரீஏஜென்ட் என்ற ரசாயனம் ஒரே கம்பெனியிடம்தான் கிடைக்கும் என்றால், அந்த ரத்தப் பரிசோதனை இயந்திரம் இலவசமாக வந்தாலும் வேண்டாம் என்று சொல்வதே நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட நன்கொடை வழிகாட்டி, வாங்குகிறவரின் தேவையைத்தான் முதலில் வைக்கிறது. அதைக் காட்டியே பேசலாம்.

நிதி தருபவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்தான். பல மருத்துவமனைகளில் கருவிகளைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியனுக்குத் தனிப் பதவியே கிடையாது. எலக்ட்ரீஷியனாகவோ ஸ்டோர் உதவியாளராகவோ இருந்துகொண்டு இதையும் பார்க்கிறார். உங்கள் திட்ட மதிப்பீட்டில் இயந்திரத்தின் விலைக்குக் கீழே இன்னும் மூன்று வரிகள் சேருங்கள்: அவருடைய சம்பளம், பயிற்சி, ஐந்து ஆண்டுக்கான உதிரி பாகங்கள். மொத்தத் தொகை கைமீறினால், அனுப்பும் இயந்திரங்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.