நிறத்தைப் பார்த்துத் துணி வாங்காதீர்கள்: வாட்டர்கலர் குவில்ட் தைக்கத் தொடங்குவோருக்கு

கடந்த சனிக்கிழமை, பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண்மணி, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் தையற்கடைக்கு ஒரு குஷன் உறையைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். 144 சதுரங்கள், தையலில் குறை சொல்ல எதுவுமில்லை. ஒரு மூலையில் வெயிலாகத் தொடங்கி எதிர்மூலையில் நிழலாக அடங்கும் பூந்தோட்டம் ஒன்றை அவர் மனத்தில் வைத்திருந்தார். மேசைமேல் விரித்தபோது கூட்டுக்கறியைக் கொட்டி வைத்தது போலிருந்தது. “நல்ல நல்ல கலராப் பார்த்துத்தானேக்கா வாங்கினேன், ஏன் படமே தெரியல?” என்று கேட்டார். இந்த ஆண்டில் இதே கேள்வியோடு வந்த நான்காவது உறை அது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை என்பதால் எழுதுகிறேன்.

வாட்டர்கலர் குவில்ட் என்ற பெயரால் வரும் குழப்பத்தை முதலில் முடித்துவிடுகிறேன்: இதில் நீர்வண்ணமும் இல்லை, தூரிகையும் இல்லை. பூப்போட்ட பருத்தித் துணிகளைச் சிறு சதுரங்களாக வெட்டி, தூரத்திலிருந்து பார்க்கும்போது நீர்வண்ண ஓவியம்போல ஒன்றில் ஒன்று கரையும்படி அடுக்கித் தைக்கும் ஒட்டுத்தையல் இது. இங்கிலாந்தின் டெய்ட்ரி ஆம்ஸ்டன் 1980களில் இந்த முறையை வளர்த்தெடுத்தார்; 1990களில் அமெரிக்காவில் வாட்டர்கலர் என்ற பெயரில் பரவியது. வண்ணப்பெட்டியும் பிரஷும் வாங்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, பெயர் அப்படி.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். கரைதல் என்பது நிறத்தால் நடக்கிறது என்று எல்லோரும் நம்புகிறார்கள். நடப்பது அடர்வால். ஒரு துணி எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்பதே இங்கே கணக்கு. அது சிவப்பா பச்சையா என்பது இரண்டாம் பட்சம். அந்தப் பெண்மணியின் உறையைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துக் காட்டினேன். அவர் அருமையாகத் தேர்ந்தெடுத்த சிவப்பும் மயில்நீலமும் இலைப்பச்சையும் கத்தரிப்பூ நிறமும் காணாமற்போய், ஓரம் முதல் ஓரம் வரை ஒரே சாம்பல் பலகையாகத் தெரிந்தது. அவர் வாங்கிய 16 துணிகளில் 14 நடு அடர்வு. மஞ்சள், இளஞ்சிவப்பு, வெளிர்நீலம் மூன்றையும் ஒரே மூலையில் கலந்து வைத்தாலும் அவை ஒரே வெளிச்சமாகத் தெரியும். கருநீலத்தையும் கரும்பச்சையையும் அருகருகே வைத்தால் ஒரே நிழலாகிவிடும். ஆகவே துணிகளை நிறவாரியாக அடுக்குவதை நிறுத்திவிட்டு, மிக வெளிரில் தொடங்கி மிக அடரில் முடியும் ஒரே வரிசையாகத் தரையில் பரப்புங்கள். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், அல்லது கதவில் பொருத்தும் எட்டிப்பார்க்கும் கண்ணாடி கடையில் கிடைத்தால் அதன் வழியாகப் பாருங்கள். அருகிலிருப்பதே தூரமாகத் தெரியும். சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாகப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. சிவப்புத் துணியை அது வெளிராகக் காட்டி ஏமாற்றும் என்பதால் நான் கைப்பேசியையே நம்புகிறேன்.

நம் வீடுகளின் ஒட்டுத்துணி மூட்டைகளில் ஒரு பற்றாக்குறை எப்போதும் உண்டு. வெளிர்த் துணியை நாம் வாங்குவதே இல்லை. “சீக்கிரம் அழுக்காகிவிடும்” என்று தீபாவளிக்குத் துணி எடுக்கும்போதுகூட அதை ஒதுக்கிவிடுகிறோம். இதற்காகக் கடைக்கு ஓட வேண்டாம். அச்சிட்ட துணியைத் திருப்பிப் பாருங்கள். மறுபக்கம் பெரும்பாலும் மங்கலாக இருக்கும், அந்த மங்கல்தான் நமக்கு வேண்டிய வெளிர்வு. பெரிய பூக்கள் உள்ள துணி ஒன்றிலேயே பூவின் நடுவிலிருந்து அடர் சதுரமும் பின்புலத்திலிருந்து வெளிர்ச் சதுரமும் வெட்டலாம். ஒற்றை நிறத் துணி, கட்டம், கோடு, வரிசை பிசகாத புள்ளி ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அவை எங்கே வைத்தாலும் தன் எல்லையைத் தானே காட்டிக்கொண்டு நிற்கும்.

பருத்தியை மட்டும் எடுங்கள். மலாய்ப் பெண்களின் உடையான பாஜு கூரோங் தைத்து மிஞ்சிய வழவழப்பான செயற்கைத் துணி வெட்டும்போதே நழுவும். அந்தக் காலத்து நைலக்ஸ் புடவையோ இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் சுருண்டுவிடும். பழைய வாயில் (voile) பருத்திப் புடவைகள் அழகாகக் கரையும், ஆனால் மெல்லியவை என்பதால் பின்னால் லேசான பசைத்துணி ஒட்ட வேண்டும். எதையும் துவைக்காமல் வெட்டாதீர்கள். சிவப்பு பாத்தேக் (பாத்திக் சாய) துணியை நனைத்து ஒரு வெள்ளைத் துண்டின்மேல் வைத்து அழுத்துங்கள்; கறை பட்டால் அந்தத் துணி இந்த வேலைக்கு ஆகாது. முடிந்த உறையை முதல் தடவை துவைத்தபோது வெளிச்ச மூலை முழுவதும் ரோஜா நிறமானதைப் பார்த்து என் கடையிலேயே ஒரு மாணவி அழுதிருக்கிறார்.

முதல் வேலைக்கு 18 அங்குலக் குஷன் போதும். இரண்டு அங்குலச் சதுரம் தைத்தபின் ஒன்றரை அங்குலமாகும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்றால் 144. இருபத்துநான்கு வகைத் துணியில், ஒவ்வொன்றிலும் இரண்டு அங்குல அகலமும் ஓரடி நீளமும் உள்ள ஒரு பட்டை இருந்தால் கணக்கு முடிந்தது. மீட்டர் கணக்கில் துணி வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

தையல் ஓரம் கால் அங்குலம், அதாவது இரண்டு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல்). இதில் அரை நூல் கூடினால் என்ன என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு இணைப்பிலும் இரு பக்கமும் சேர்த்து ஒரு நூல் போகும். ஒரு வரிசையில் பதினோரு இணைப்புகள். கடைசியில் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் குறைந்துவிடும். ஊசியிலிருந்து அளந்து, மெஷின் தட்டின்மேல் காகித டேப் ஒட்டி, அதன் ஓரமாகவே துணியை ஓட்டுங்கள். ரோட்டரி கட்டர் (உருட்டி வெட்டும் வட்டக் கத்தி) வைத்திருப்பவர்கள், ஒவ்வொரு வெட்டு முடிந்தவுடனும் அதன் மூடியைத் தள்ளி மூடிவிடுங்கள். “இதோ அடுத்தது” என்று திறந்தபடி வைத்த கட்டரால் கட்டுப் போட்ட விரல்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை மூன்று தடவை சொல்ல வேண்டும்.

இனி ஒரு வேண்டுகோள். 144 சதுரங்களையும் சுவரில் ஒட்டிப் பார்க்காமல் ஒரு தையல்கூடப் போடாதீர்கள். பழைய ஃபிளானல் துணியைச் சுவரில் விறைப்பாக அடித்தால், பருத்திச் சதுரங்கள் ஊசியில்லாமலேயே அதில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாள் அப்படியே விடுங்கள். சமையலறைக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை பாருங்கள். துருத்திக்கொண்டு நிற்கும் சதுரம் தானாகவே கண்ணில் குத்தும், அதை மட்டும் மாற்றுங்கள். தைத்தபின் இஸ்திரி போடும்போது ஒரு வரிசையின் ஓரங்களை இடப்பக்கமும் அடுத்த வரிசையின் ஓரங்களை வலப்பக்கமும் சாய்த்தால் மூலைகள் தடிக்காமல் பொருந்தும்.

அந்தப் பெண்மணியின் உறையை இருவரும் உட்கார்ந்து முழுவதும் அவிழ்த்தோம். பிற்பகல் முழுவதும் அதற்கே போயிற்று. முப்பத்தொரு சதுரங்களைத் திருப்பிப்போட்டதில் ஒரு மூலையில் வெளிச்சம் எட்டிப் பார்த்தது, ஆனால் உச்சிக்கு இன்னும் வெளிர் வேண்டியிருந்தது. வீட்டு பீரோவில் அவருடைய அம்மாவின் வாயில் புடவை ஒன்று, சந்தன நிறத்தில் சின்ன ரோஜாப்பூக்களோடு இருக்கிறதாம். துவைத்துக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.