இத்தாலியில் தங்கினால் மட்டும் இத்தாலிய மொழி வந்துவிடாது

சியேனா நகரில் அயல்நாட்டு மாணவர்களுக்கு இத்தாலிய மொழி கற்பித்துவரும் நான், மூன்று மாதம் இங்கே தங்கினால் மொழி தானாகவே வந்துவிடும் என்ற நம்பிக்கையுடன் வருபவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். அப்படி வருவதில்லை. வகுப்பு முடிந்ததும் தம் நாட்டவரோடு அறைக்குத் திரும்பி, கடைகளில் ஆங்கிலத்திலேயே கேட்டு வாங்குபவர்களுக்கு, வினைச்சொல் வாய்பாடுகள் மனப்பாடமாக இருந்தும், முடிதிருத்தகத்தைத் தொலைபேசியில் அழைத்து நேரம் கேட்கத் துணிவு இருக்காது.

ஆகவே முதல் வாரத்திலேயே அவர்களைக் காப்பிக் கடைக்கு அனுப்பிவிடுகிறேன். அதற்கு இங்கே 'பார்' என்று பெயர். மதுக்கடை என்றெண்ணித் தயங்க வேண்டியதில்லை. வேலைக்குச் செல்வோர் நெருக்கியடிக்கும் காலை 8 மணிக்கு அல்லாமல், கடைக்காரருக்குப் பேச நேரமிருக்கும் 11 மணிக்குச் செல்வது நல்லது. முதலில் 'புவோன்ஜோர்னோ' என்று வணக்கம் சொல்ல வேண்டும். 'லாத்தே' என்று மட்டும் கேட்ட மாணவி ஒருவருக்கு வெறும் பால்தான் வந்தது, கேட்டது அதுதான். கடைக்காரர் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டால், 'ஸ்தோ இம்பராந்தோ', அதாவது 'கற்றுக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள்; பெரும்பாலோர் புன்னகையுடன் தம் மொழிக்குத் திரும்பி, வேகத்தையும் குறைத்துக்கொள்வார்கள்.

நீ, நீங்கள் என்ற வேறுபாடு இங்கும் உண்டு என்பதால் தமிழ் மாணவர்களுக்கு மரியாதை விளங்குவதில் சிரமமில்லை. ஆனால் மரியாதைச் சொல்லான 'லேய்' என்பதற்கு 'அவள்' என்றும் பொருள் உண்டு. மீசை வைத்த பெரியவரிடமும் அச்சொல்லைப் பயன்படுத்தி, வினையைப் படர்க்கை ஒருமையில் முடிக்க நாக்கு பழக வேண்டும்.

இவ்வூரில் பேச்சுக்கு மிகச் சிறந்த திறவுகோல் 'கொந்த்ராதா'. நகரத்தின் 17 பேட்டைகளையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கொடி, தேவாலயம், அருங்காட்சியகம் உண்டு. ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாள்களில் நடக்கும் பாலியோ குதிரைப் பந்தயத்துக்கு முந்தைய இரவில் தெருவிலேயே நீண்ட மேசைகள் போட்டு விருந்துண்பார்கள். தாம் குடியிருக்கும் தெருவின் கொடியில் ஏன் ஆமை இருக்கிறது என்று ஒரு முதியவரிடம் கேட்ட மாணவருக்கு அரைமணி நேரப் பதில் கிடைத்தது. அதில் பாதிதான் புரிந்தது என்றார். அந்தப் பாதியே என் ஒரு வார வகுப்புக்குச் சமம்.

ஒலியைப் பொறுத்தவரை தமிழருக்கு ஒரு நற்பேறு உண்டு. வீடு என்று பொருள்படும் 'காசா' என்ற சொல், 'லா' என்ற சுட்டுக்குப் பின் சியேனா அடங்கிய டஸ்கனி பகுதி மக்கள் வாயில் 'லா ஹாசா' ஆகிவிடும். 'வீட்டில்' என்னும்போதோ ககரம் இரட்டித்து 'அக்காசா' என்று அழுத்தமாக ஒலிக்கும். மகன், மக்கள் என்று சொல்லிப் பார்த்தால் இது உடனே விளங்கும். மற்ற நாட்டு மாணவர்கள் திகைத்து நிற்கும் இடத்தில் நம் காது எளிதில் பிடித்துக்கொள்கிறது. எனினும் அதைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், பின்பற்ற வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறேன். தேர்வறையில் 'ஹாசா' செல்லாது.